தன்னுடல் தாக்கும் மூளை அழற்சி: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நன்றாக இருந்த ஒருவர் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆளே மாறிப்போகிறார். தூக்கம் போகிறது, பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது. அப்போது வீட்டார் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இங்கே சொல்லியிருக்கும் மருந்து அளவுகள் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்பதை எடை, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் முடிவுசெய்வார்.

மூளைக் காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் கிருமி இல்லை என்கிறார்கள். அதெப்படி?

நம் பக்கத்தில் மூளைக் காய்ச்சல் என்றால் கிருமியால் வருவதைத்தான் நினைப்போம். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955இல் வேலூரில்தான். ஹெர்பெஸ் வைரஸ், காசநோய், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ் ஆகியவையும் மூளையைத் தாக்கும்.

தன்னுடல் தாக்கும் வகையில் கிருமி கிடையாது. கிருமியின் மேல் போய் ஒட்டவேண்டிய ஆன்டிபாடி என்ற புரதம், மூளை நரம்பணுவின் மேலுள்ள ஒரு புரதத்தை அந்நியன் என்று எண்ணி அதில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் வேலை கெட்டுப்போகும் இடத்தைப் பொறுத்து நினைவு, பேச்சு, தூக்கம், அசைவு, இதயத்துடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும்.

அபூர்வ நோய்தான், ஆனால் நினைப்பதைவிட அதிகம். கலிபோர்னியாவில் மூளை அழற்சி நோயாளிகளை ஆராய்ந்த ஒரு திட்டம் 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம் இந்த நோயின் என்.எம்.டி.ஏ. வகை (நரம்பணுவின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் வகை) எந்த ஒரு தனி வைரஸையும்விட அதிகமாக இருந்தது.

இது புதிதாக வந்த நோயா?

நோய் பழையது, பெயர்தான் புதிது. ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007இல் 12 பெண்களின் விவரங்களை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் மனநிலைக் குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு. எல்லோருக்கும் டெரட்டோமா என்ற கட்டி. எல்லோருடைய ஆன்டிபாடியும் ஒட்டிய இடம் என்.எம்.டி.ஏ. ஏற்பி. அதற்கு முன் வந்த நோயாளிகளில் பலர் 'காரணம் தெரியாத வைரஸ்' என்றோ மனநோய் என்றோ கோப்பில் எழுதப்பட்டு மூடப்பட்டிருப்பார்கள்.

மனிதருக்கு மட்டும் வருவது என்றும் சொல்ல முடியாது. பெர்லின் விலங்குக் காட்சியகத்தில் உலகப் புகழ்பெற்ற பனிக்கரடி க்னுட், 2011 மார்ச்சில் பார்வையாளர்கள் கண்முன்னே வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து இறந்தது. 2015இல் அதன் மூளைத் தண்டுவட நீரை ஆராய்ந்தபோது கிடைத்ததும் இதே என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடிதான்.

ஆன்டிபாடி மூளையில் போய் என்னதான் செய்கிறது?

என்.எம்.டி.ஏ. ஏற்பி என்பது நரம்பணுவின் மேல்பரப்பில் இருக்கும் ஒரு கதவு மாதிரி. கற்பது, நினைவில் வைப்பது, யோசனையை ஒழுங்காகக் கோப்பது எல்லாவற்றுக்கும் அது திறந்து மூட வேண்டும். ஆன்டிபாடி இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது; பிடிபட்ட ஏற்பிகளை நரம்பணு உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேல்பரப்பில் கதவுகளே குறைந்துபோகின்றன. மயக்க மருந்தான கீட்டமின் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. அதனால்தான் அந்த மருந்தின் மயக்கத்தில் வரும் பிரமைகளுக்கும் இந்த நோயின் பிரமைகளுக்கும் அவ்வளவு ஒற்றுமை.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. பெரும்பாலும் நரம்பணு சாவதில்லை, ஏற்பிதான் குறைகிறது. ஆன்டிபாடி போனால் ஏற்பி திரும்ப மேலே வரும். மாதக்கணக்கில் சுயநினைவின்றிக் கிடந்தவர் எழுந்து கல்லூரிக்குப் போவது இதனால்தான் சாத்தியமாகிறது.

எல்லா வகைக்கும் இது பொருந்தாது. எல்.ஜி.ஐ.1 என்ற வேறொரு புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் வகையில் சிகிச்சை தள்ளிப்போனால் நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கிப்போகும். 'ஹு' போன்ற ஆன்டிபாடிகள் அணுவின் உள்ளே இருக்கும் புரதத்தைக் குறிவைப்பவை. அங்கே உண்மையில் அழிப்பது டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள், நரம்பணுவே சாகிறது, பின்னால் பெரும்பாலும் ஒரு புற்றுநோய் இருக்கும். ஆகவே 'ஆட்டோஇம்யூன்' (தன்னுடல் தாக்கும் நோய்) என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வகை என்று கேளுங்கள்.

எப்படித் தொடங்கும்?

என்.எம்.டி.ஏ. வகையில் முதலில் சாதாரணத் தலைவலி, காய்ச்சல், சளி. பத்தில் ஏழு பேருக்கு இப்படித்தான். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தூக்கம் கெடும். இரவு முழுக்க நடப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்வார். பிறகு பேச்சு குறைந்து சொன்னதையே திரும்பச் சொல்லி, ஒரு கட்டத்தில் நின்றேபோகும். வாய் சப்புக்கொட்டும், நாக்கு சுழலும், தாடை நறநறக்கும், கைகள் எதையோ பின்னுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். வலிப்பு எந்தக் கட்டத்திலும் வரலாம். கடைசியில் இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு ஆகியவை தாறுமாறாகும்.

577 பேரை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 81 சதவீதம் பேர் பெண்கள். 37 சதவீதம் பேர் 18 வயது நிரம்பாதவர்கள். முதல் நான்கு வாரத்துக்குள் ஒரே ஒரு வகை அறிகுறியோடு நின்றவர்கள் 1 சதவீதம்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அறிகுறிகள் ஏறிக்கொண்டே போவதுதான் இந்த நோயின் முத்திரை.

மனநோய்க்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

முதலில் வேகத்தைப் பாருங்கள். வழக்கமான மனச்சிதைவு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கனியும்: படிப்பில் ஆர்வம் குறையும், நண்பர்கள் விலகுவார்கள், அப்புறம்தான் வெளிப்படையாகத் தெரியும். இங்கே போன மாதம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் இந்த மாதம் யாரென்றே தெரியவில்லை. 2016இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறையும் இதைத்தான் முதல் நிபந்தனையாக வைக்கிறது: நினைவு, உணர்வுநிலை, மனநிலை மாற்றங்கள் 3 மாதத்துக்குள் வேகமாக ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து, மனநோயில் பொதுவாக வராதவை: வலிப்பு, வாய்-முக அசைவுகள், தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும் விறைப்பு, காரணமில்லாமல் ஏறி இறங்கும் நாடித்துடிப்பு, ரத்தத்தில் சோடியம் குறைவு. இதில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மூன்றாவது துப்பு மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினை. ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து கொடுத்த ஒன்றிரண்டு நாளில் உடல் விறைத்து, காய்ச்சல் அடித்து, ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. அளவு ஏறினால் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று மாத்திரையை மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிடக் கூடாது. இந்த நோயாளிகளுக்கு அந்த மருந்துகளைத் தாங்கும் சக்தி குறைவு. விறைப்புக்கும் கொந்தளிப்புக்கும் லோரசெபாம் பாதுகாப்பானது.

மனநல மருத்துவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதலில் அவரிடம்தான் போவார்கள். துப்பை முதலில் பிடிப்பவரும் பல நேரம் அவர்தான். வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, தேதி போட்டு எழுதிக்கொண்டு போவது. எந்த நாள் தூக்கம் போனது, எந்த நாள் பேச்சு மாறியது, முதல் வலிப்பு எப்போது என்று. அலைபேசியில் எடுத்த அரை நிமிட வீடியோ பத்து நிமிட விவரிப்பைவிடப் பயன்படும்.

செய்வினை, காற்று, கருப்பு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சொல்வதில் ஆச்சரியமில்லை. குரல் மாறி, கண் நிலைகுத்தி, உடல் வளைந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். திருநீறு போடுவதையோ தர்காவில் ஓதுவதையோ தடுத்துச் சண்டை போட்டு நாளை வீணாக்காதீர்கள். மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அதையும் செய்துகொள்ளட்டும். கட்டிவைப்பது, பட்டினி போடுவது, புகை காட்டுவது மட்டும் கூடவே கூடாது. மூச்சும் இதயத்துடிப்பும் ஏற்கெனவே நிலையில்லாமல் இருக்கும் உடல் அது.

எங்கள் அப்பாவுக்கு 64 வயது. ஒரு பக்கக் கையும் முகமும் வெட்டி வெட்டி இழுக்கிறது, ஞாபகமும் போகிறது. முதுமை மறதியா?

இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இது தவறவிடக் கூடாத வகை. எல்.ஜி.ஐ.1 ஆன்டிபாடி பெரும்பாலும் 50 தாண்டியவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு வரும். ஒரே பக்கத்துக் கையும் முகமும் ஒன்று முதல் மூன்று விநாடி வெட்டி இழுத்து விட்டுவிடும். நாளைக்குப் பத்து முறை, ஐம்பது முறை, அதற்கு மேலும் வரும். கையிலிருக்கும் காபி டம்ளர் சிந்தும், ஆனால் நினைவு தப்பாது. அதனால் வலிப்பு என்றே யாரும் எண்ணுவதில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோடியம் குறைந்திருக்கும். வழக்கமான அளவு 135 முதல் 145; இவர்களுக்கு 120களுக்கு இறங்குவதுண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. வலிப்புக்குக் கார்பமசெபின் அல்லது ஆக்ஸ்கார்பசெபின் தொடங்கினால் அந்த மருந்தும் சோடியத்தை இறக்கும், குழப்பம் இரட்டிப்பாகும். லெவெடிராசிட்டம் கொடுத்தால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் ஏறும். எந்த வலிப்பு மருந்தும் இந்த இழுப்பைச் சரியாக அடக்குவதில்லை. ஸ்டீராய்டு அடக்கும், சிலருக்குச் சில நாளிலேயே. இழுப்பு மட்டும் இருக்கும் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஞாபகமறதி வராமலே தடுக்க வாய்ப்பு அதிகம்.

வாரக்கணக்கில் வேகமாக ஏறும் மறதியை 'வயசாகிடுச்சு' என்று விடாதீர்கள். அல்சைமர் அவ்வளவு அவசரப்படாது.

வேறு என்னென்ன வகைகள்?

சுருக்கமாக: காஸ்பர்2 வகை வயதான ஆண்களுக்குத் தூக்கமே இல்லாமல், வியர்த்துக் கொட்டி, தசைகள் புழு நெளிவதுபோலத் துடிக்கும். காபா-பி வகை அடங்காத வலிப்போடு வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் இருக்கும். மாக் ஆன்டிபாடி குழந்தைகளிடம் அதிகம், கண் நரம்பையும் தாக்கும். ஜி.ஏ.டி.65 சர்க்கரை நோயாளிகளிடமும் குறைந்த அளவில் இருப்பதால், மிக அதிக அளவு இருந்தால்தான் மூளைக்கு அர்த்தம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் இம்யூனோதெரபி மருந்துகளாலும் மூளை அழற்சி வரலாம்.

முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடுமா?

போகாது. தண்டுவடம் முதல், இரண்டாம் இடுப்பு எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, மூன்று-நான்கு அல்லது நான்கு-ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில். எடுப்பது 10 முதல் 15 மில்லி. உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது, ஆகவே எடுத்தது ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், படுத்தால் குறையும், ஓரிரு நாளில் போகும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள்.

அந்த நீரில் பார்ப்பவை: அணுக்களின் எண்ணிக்கை (கன மில்லிமீட்டருக்கு 5க்கு மேல் என்றால் அழற்சி), புரதம், சர்க்கரை, கிருமி வளர்ப்பு, காசநோய்ச் சோதனை, ஹெர்பெஸ் பி.சி.ஆர்., ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஆன்டிபாடி. நோய் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுத்த ஹெர்பெஸ் பி.சி.ஆர். பொய்யாக நெகட்டிவ் காட்டலாம்; சந்தேகம் வலுவாக இருந்தால் திரும்பவும் எடுப்பார்கள். அதுவரை அசைக்ளோவிர், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 8 மணிக்கு ஒரு தரம், ஓடிக்கொண்டிருக்கும். 'ஆட்டோஇம்யூன் என்கிறீர்கள், வைரஸ் மருந்து எதற்கு' என்று சண்டை வேண்டாம். ஹெர்பெஸைத் தவறவிட்டால் மூளை அழிந்துவிடும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. எடுத்த நீரில் 1 முதல் 2 மில்லியும், கூடவே சிகிச்சைக்கு முந்தைய ரத்த சீரமும் குளிர்பதனப்பெட்டியில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் ஆன்டிபாடி சோதனை கேட்காவிட்டாலும் நான்கு நாள் கழித்துத் தேவைப்படும். அதற்குள் ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஏறிவிட்டால் பிறர் ரத்தத்திலிருந்து வந்த ஆன்டிபாடிகள் கலந்து ரத்தச் சோதனை குழம்பும். பிளாஸ்மா மாற்று (ரத்தத்தின் நீர்ப்பகுதியை வெளியே எடுத்து மாற்றுவது) செய்துவிட்டால் தேடுவதே கழுவிப்போயிருக்கும்.

எம்.ஆர்.ஐ. நார்மல். அப்படியானால் மூளையில் ஒன்றுமில்லையா?

அந்த முடிவுக்கு வர முடியாது. மேலே சொன்ன 577 பேர் ஆய்வில் மூன்றில் ஒருவருக்குத்தான் தொடக்கத்தில் ஸ்கேனில் மாற்றம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் வடிவத்தை. இங்கே கெட்டிருப்பது வேலை. வேலையைக் காட்டுவது மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது மந்தமாக இருக்கும். சிலருக்கு மெதுவான பெரிய அலையின் முதுகில் வேகமான சின்ன அலைகள் சவாரி செய்வதுபோல ஒரு வடிவம் வரும். அது கிடைத்தால் என்.எம்.டி.ஏ. சந்தேகம் மிகவும் வலுக்கும். வெளியே தெரியாமல் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பையும் ஈ.ஈ.ஜி.தான் பிடிக்கும்.

ஆன்டிபாடி ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கிருமிக்கான முதற்கட்டச் சோதனைகள் நெகட்டிவ், நோயின் போக்கும் பொருந்துகிறது என்றால் அனுபவமுள்ள மருத்துவர் காத்திருக்க மாட்டார். சீக்கிரம் தொடங்கிய சிகிச்சைதான் நல்ல பலனோடு சேர்ந்து வருகிறது என்பதை எல்லாப் பெரிய ஆய்வுகளும் காட்டுகின்றன.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது மூன்று விஷயங்கள். வழக்கமான பேனலில் (ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் சோதனைத் தொகுப்பில்) ஆறு ஆன்டிபாடிகள்தான்: என்.எம்.டி.ஏ., ஆம்பா 1, ஆம்பா 2, எல்.ஜி.ஐ.1, காஸ்பர்2, காபா-பி. மாக், ஜி.ஏ.டி.65 இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாவது, என்.எம்.டி.ஏ.வுக்குத் தண்டுவட நீர் அவசியம். ரத்தத்தில் மட்டும் தேடினால் ஏறக்குறைய ஏழில் ஒருவரைத் தவறவிடுவோம். எல்.ஜி.ஐ.1க்கு நேர்மாறாக ரத்தம்தான் மேல். ஆகவே இரண்டையும் சேர்த்தே அனுப்புவது நல்லது.

மூன்றாவது, ரிப்போர்ட் எதுவானாலும் அதுவே தீர்ப்பு கிடையாது. பேனல் நெகட்டிவ் என்றாலும் நோய் இருக்கலாம். இன்னும் பெயர் வைக்கப்படாத ஆன்டிபாடிகள் உள்ளன. இதன் மறுபக்கமும் உண்டு: நோய் இல்லாதவருக்கு நோய்ப் பெயர் ஒட்டிவிடுவது. தவறாக இந்தப் பெயர் சூட்டப்பட்ட 107 பேரைத் தொகுத்த ஓர் ஆய்வில் உண்மையில் இருந்தவை செயல்பாட்டு நரம்பியல் கோளாறு (மூளையின் அமைப்பு கெடாமலே வரும் நரம்பு அறிகுறிகள்), மூளை தேயும் நோய்கள், மனநோய் ஆகியவைதான் அதிகம். தைராய்டு ஆன்டிபாடி கொஞ்சம் கூடுதலாக இருந்ததை வைத்து மட்டும் 'மூளை அழற்சி' என்று சொல்லி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டாவது கருத்து கேளுங்கள். அந்த ஆன்டிபாடி நல்ல ஆரோக்கியமானவர்கள் பலரிடமும் இருக்கும்.

மூளைக்கு வைத்தியம் பார்க்கும்போது சினைப்பையை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்?

பெரும்பாலும் சினைப்பையில் வரும் டெரட்டோமா என்ற கட்டிக்குள் முடி, பல், கொழுப்பு, சில சமயம் நரம்புத் திசுவும் வளர்ந்திருக்கும். அந்த நரம்புத் திசுவின் என்.எம்.டி.ஏ. ஏற்பியைப் பார்த்துத்தான் உடல் ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்குகிறது. பிறகு அது மூளையையும் விடுவதில்லை. 577 பேரில் 38 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது, அதில் 94 சதவீதம் சினைப்பை டெரட்டோமா. வயதுவந்த இளம்பெண்களிடம்தான் அதிகம். சிறு பிள்ளைகளிடமும் ஆண்களிடமும் குறைவு.

கட்டி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுபோல. பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்ற முடியும். கல்யாணமாகாத பெண் என்று தயங்க வேண்டாம். வயிற்றின் மேல் வைக்கும் அல்ட்ராசவுண்டும் இடுப்பு எம்.ஆர்.ஐ.யும் போதும். இப்போது இல்லை என்றாலும், அந்த வயதுப் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில ஆண்டுகள் பார்ப்பது வழக்கம்.

சிகிச்சை என்னென்ன, எவ்வளவு?

முதல் வரிசையில் மூன்று. மெத்தில்பிரெட்னிசொலோன் நரம்பு வழியாக நாளைக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம், 1 கிராமுக்கு மேற்படாமல். ஐ.வி.ஐ.ஜி. கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், 5 நாளில் பிரித்து. பிளாஸ்மா மாற்று ஒருநாள் விட்டு ஒருநாளாக 5 முதல் 7 தடவை. பலருக்கு ஸ்டீராய்டோடு பின்னிரண்டில் ஒன்றைச் சேர்ப்பார்கள்.

வரிசை முக்கியம். ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய கையோடு பிளாஸ்மா மாற்று செய்தால் ஏற்றிய மருந்து வெளியே போய்விடும். லட்சக்கணக்கில் செலவழித்தது வீண். பிளாஸ்மா மாற்றுக்குக் கழுத்தில் பெரிய குழாய் போட வேண்டும். கொந்தளிப்பில் இருப்பவர் அதைப் பிடுங்கிவிடும் ஆபத்து உண்டு. ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாறுமாறாக இருப்பவருக்கு அது இன்னும் சரியும். அதனால் இவர்களுக்குப் பல இடங்களில் முதலில் ஐ.வி.ஐ.ஜி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஓரிரு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாம் வரிசை: ரிட்டுக்சிமாப், அல்லது சைக்ளோபாஸ்பமைடு, அல்லது இரண்டும். ரிட்டுக்சிமாப் சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம் வாரம் ஒன்றாக 4 வாரம், அல்லது 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் 2 தடவை. அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். மறைந்திருக்கும் வைரஸ் கிளம்பிக் கல்லீரலைக் கெடுக்கும். சைக்ளோபாஸ்பமைடு குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். இளம் வயதினர் என்றால் அந்தப் பேச்சை மருந்து தொடங்குமுன் எடுங்கள். இரண்டாம் வரிசைக்குப் போவது 'கைவிட்டுவிட்டார்கள்' என்பதன் அடையாளம் இல்லை. முதல் வரிசைக்கு மசியாதவர்களில் இதைப் பெற்றவர்களே நன்றாகத் தேறினார்கள்.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான், ஆனால் சரியான இடத்தில் பயப்பட வேண்டும். சர்க்கரை ஏறும், ஆகவே சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் நாளுக்கு நான்கு தரம் பார்க்க வேண்டும். தூக்கம் கெடும், மனநிலை மாறும். நோய் கூடுகிறதா மருந்தின் வேலையா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கே சிரமம். நம்மைப் போன்ற வெப்பநாட்டில் மறைந்த காசநோயும், ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழுவும் ஸ்டீராய்டில் வீறுகொண்டு எழும். வெறுங்காலோடு வயலில் வேலை செய்பவர் என்றால் சொல்லிவிடுங்கள். ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டுத் தொடங்குவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பிரெட்னிசொலோன் மாத்திரை மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கப்படும். காலையில், சாப்பிட்டபின். 'முகம் ஊதிவிட்டது' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. நோயும் திரும்பும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

பெரிய செலவு ஐ.வி.ஐ.ஜி.யும் ஐ.சி.யு. நாட்களும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம். 5 கிராம் குப்பியாக 24 வேண்டும். குப்பி விலை நிறுவனத்துக்கு நிறுவனம் நிறைய மாறுவதால் ஒரு குப்பி என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். வெளியே வாங்கிவந்தால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வர வேண்டும். பேருந்தில் கைப்பையில் கொண்டுவந்தது பயனற்றது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்த்த அன்றே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்து, எந்தெந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்கும் என்று கேளுங்கள். பில் போட்டபின் கேட்டால் வழியில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கான ஆன்டிபாடி ஆய்வகமும் இருக்கிறது.

எப்போது தேறுவார்? பழைய ஆள் ஆவாரா?

நாள் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள், மாதக் கணக்கில் பாருங்கள். 577 பேர் ஆய்வில் சிகிச்சை தொடங்கிய நான்கு வாரத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் 81 சதவீதம் பேர் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். 18 மாதம் தாண்டியும் முன்னேற்றம் தொடர்ந்தவர்கள் உண்டு.

தேறும் வரிசை பெரும்பாலும் வந்த வரிசையின் தலைகீழ். முதலில் மூச்சும் நாடியும் சீராகும், பிறகு அசைவுகள் அடங்கும், கண் திறந்து பார்ப்பார், ஒற்றைச் சொல் வரும். மனநிலையும் நடத்தையும் கடைசியில்தான். நடுவில் ஒரு கட்டம் வீட்டாரை மிரட்டும்: எந்நேரமும் தூக்கம், அடங்காத பசி, கூச்சமில்லாத பேச்சு, சின்ன விஷயத்துக்குக் கோபம். அதுவும் பெரும்பாலும் கடந்துபோகும். மருத்துவமனையில் இருந்த நாட்களின் நினைவு திரும்பாது. அதைக் கேட்டுக் கேட்டுச் சோதிக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு பெரிய நாட்காட்டி, ஒரு குறிப்பேடு, ஒரே நேர ஒழுங்கு. பள்ளி, கல்லூரி, வேலைக்குத் திரும்பும்போது முதலில் அரை நாள். நடப்பதும் பேசுவதும் சரியாகிவிட்டால் எல்லாம் சரி என்று தோன்றும். திட்டமிடுவதும் கவனமும் அதற்குப் பிறகும் பல மாதம் பின்தங்கும். சோம்பேறித்தனம் என்று திட்டுவது இந்த இடத்தில்தான் அதிகம் நடக்கிறது. வலிப்பு வந்தவர் மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்டவோ, கிணறு குளத்தில் தனியாகக் குளிக்கவோ கூடாது.

திரும்ப வருமா?

என்.எம்.டி.ஏ. வகையில் இரண்டு ஆண்டுக்குள் சுமார் 12 சதவீதம் பேருக்குத் திரும்புகிறது, எல்.ஜி.ஐ.1இல் அதைவிட அதிகம். முதல் தடவை என்ன அறிகுறியில் தொடங்கியதோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அது தலைகாட்டினால் அன்றே கூப்பிடுங்கள். தேறியவரின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். அந்த எண்ணை மாதாமாதம் பார்த்துக் கலங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஆளைப் பார்த்து முடிவுசெய்வதே முறை.

குழந்தைக்கு ஹெர்பெஸ் மூளைக் காய்ச்சல் குணமாகி வீட்டுக்கு வந்தோம். மூன்று வாரத்தில் மறுபடி கை கால் முறுக்குகிறது. வைரஸ் திரும்பிவிட்டதா?

பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஹெர்பெஸ் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் 51 பேரில் 14 பேருக்குத் தன்னுடல் தாக்கும் மூளை அழற்சி பின்தொடர்ந்தது, எல்லாம் சுமார் இரண்டு மாதத்துக்குள். சிறு குழந்தைகளுக்கு அது முறுக்கும் அசைவுகளாக வரும். பெரியவர்களுக்கு மனநிலை மாற்றமாக வரும். திரும்பவும் தண்டுவட நீர் எடுத்து ஹெர்பெஸ் பி.சி.ஆரையும் என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொற்றுமா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். வழக்கமான பரம்பரை நோயும் கிடையாது. உடன்பிறந்தவர்களுக்குச் சோதனை செய்யத் தேவையில்லை.

தடுப்பூசி போடலாமா?

சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் ஓடும் காலத்தில் போடக் கூடாது. மற்றவற்றைப் போடலாம், ஆனால் ரிட்டுக்சிமாபுக்குப் பிறகு சுமார் ஆறு மாதம் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. தேதியை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.